பின்பாட்டுக்காரர்கள் முன்னே வந்தபோது: கபீர் கலா மஞ்ச்சின் வரலாறு

முதன்மைப் பாடகி இல்லாமல் ஒரு பாடல்குழு தொடர முடியுமா? திரை மேடைக் குழுக்களில் பாடகர் விலகினால் குழுவின் பெயர் யாருக்கு என்ற சண்டை வரும். நம் மக்களின் குழுக்களில் பாடகர்கள் சிறைக்குப் போவதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

2002 குஜராத் படுகொலைகளுக்குப் பிறகு புனேயில் உருவானது கபீர் கலா மஞ்ச். பெரும்பாலும் தலித், உழைக்கும் குடும்பத்து இளைஞர்கள். சாதியையும் மதவெறியையும் எதிர்த்துத் தெருத்தெருவாகப் பாடினார்கள். அந்தக் குழுவின் குரலாக அறியப்பட்டவர் ஷீதல் சாதே. ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' படம் அந்தக் குரலை நாடெங்கும் கொண்டுபோனது.

2011இல் குழுவினர் மீது ஊபா சட்டம் பாய்ந்தது. சிலர் கைதானார்கள், மற்றவர்கள் தலைமறைவானார்கள். 2013 ஏப்ரல் 2 அன்று ஷீதலும் சச்சின் மாலியும் மும்பை சட்டமன்றத்தின் முன் வந்து தாங்களே கைதானார்கள். அப்போது ஷீதல் கர்ப்பிணி. அவருக்கு அந்த ஜூனில் பிணை கிடைத்தது. சச்சின் மாலி, சாகர் கோர்கே, ரமேஷ் கைச்சோர் மூவரும் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கும்வரை சிறையில் இருந்தார்கள்.

பிறகு ஷீதலும் சச்சினும் 'நவயான் மகாஜல்சா' என்ற பெயரில் பாடினார்கள். கபீர் கலா மஞ்ச் என்ற பெயரோடு தொடர்ந்தவர்கள் சாகர், ரமேஷ், ஜோதி ஜக்தாப் போன்றவர்கள். பீமா கோரேகான் போரின் 200ஆம் ஆண்டையொட்டி, 2017 டிசம்பர் 31 அன்று சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் மேடையில் பாடியது இவர்கள்தான். அதற்காக 2020 செப்டம்பரில் மூவரும் கைதாகி, ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள்.

இந்தத் தொடர்ச்சிக்கு வேர் ஜல்சா மரபில் இருக்கிறது. ஜோதிராவ் பூலே 1873இல் தொடங்கிய சத்யசோதக் சமாஜின் கருத்துகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவை ஜல்சாக் குழுக்கள். பின்னாளில் பீம்ராவ் கர்டக் போன்றோரின் குழுக்கள் அம்பேத்கரின் செய்தியைப் பாடின. ஜல்சாவில் ஒருவர் அடி எடுப்பார், பின்னால் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பின்பாட்டுக்காரருக்கும் பாட்டு முழுதும் தெரியும். முன்னால் நிற்பவரைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்தவர் ஓரடி முன்னே வருவார்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு குரலைக் கொண்டாடுவோம், காணொளியைப் பகிர்வோம், பின்னால் நின்று பறை அடித்தவரின் பெயரைக் கேட்கமாட்டோம். ஷீதலைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு ஜோதி ஜக்தாப்பைத் தெரியும்?

கல்லூரிகளிலும் சேரிகளிலும் கலைக்குழு கட்டும் தோழர்கள் இன்றே பார்க்க வேண்டியவை சில உண்டு. எல்லாப் பாட்டும் எல்லோருக்கும் தெரியுமா? எழுத்தில் இருக்கிறதா? வழக்கு வந்தால் நிற்க வழக்கறிஞர் இருக்கிறாரா? சிறைக்குப் போனவரின் வீட்டுக்கு அரிசி வாங்கித் தர ஆள் இருக்கிறதா? இதற்கெல்லாம் ஆம் என்று சொல்ல முடிகிற குழு, யாரைக் கைது செய்தாலும் அடுத்த வாரம் பாடும்.