தகட்டுக்கு இருபத்தஞ்சு வருஷம், பேட்டரிக்கு மூணு வருஷம்

சினிமாக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த கேரவன் இப்போ பழைய டெம்போ டிராவலர், மினி பஸ் வரைக்கும் இறங்கி வந்தாச்சு. "பிளவக்கல் போற வழியில ஒரு தோப்புல ரெண்டு நாள் வண்டியை நிறுத்தணும். ஃபேன், லைட், குட்டி ஃப்ரிட்ஜ் ஓடணும். ஆசிட் பேட்டரியைத் தூக்கிட்டு லித்தியம் போட்டு, கூரையில சோலார் மாட்டலாமா?" இந்தக் கேள்வி அடிக்கடி நம்மகிட்ட வருது. பொட்டி தட்டுறவனுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை. இஞ்சினியரிங் படிச்ச பாவம் :)

கணக்குக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. மின்கம்பம் இல்லாத இடத்துல எப்படி விளக்கெரிக்கிறதுன்னு வண்டிக்காரங்களுக்கு ரொம்ப முன்னாடியே யோசிச்சவங்க இருக்காங்க.

ரெண்டு கண்டுபிடிப்பு

பேட்டரிதான் மூத்தது. 1859ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளை அமிலத்துல முக்கி, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்தக்கூடிய முதல் பேட்டரியைச் செஞ்சார். இன்னிக்கு உங்க வீட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறது அதோட கொள்ளுப்பேரன்.

சூரியத் தகடு ரொம்ப பின்னாடி வந்தது. 1954ல அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூணு பேரும் சேர்ந்து சுமார் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் செல்லைக் காட்டினாங்க. நாலு வருஷம் கழிச்சு அது வான்கார்ட் 1 செயற்கைக்கோள்ல விண்வெளிக்கே போயிருச்சு. நம்ம நாட்டுல சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977ல சோலார் செல் செஞ்சது. தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1985ல 'டெடா' என்கிற எரிசக்தி மேம்பாட்டு முகமை வந்தது.

கம்பி வந்த ஊரும் வராத ஊரும்

தமிழ்நாட்டு மின்சார வரலாறுன்னா பெரும்பாலும் தண்ணீர் வரலாறுதான். 1932ல பைக்காரா, 1937ல மேட்டூர், 1944ல பாபநாசம். தெற்கத்தி மில்லுகள் சுத்துனதுக்குப் பின்னாடி இந்த அருவிகள் இருக்கு. ஆனா சமவெளியில கம்பி இழுக்கிற மாதிரி காட்டுக்குள்ள இழுக்க முடியாது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கம்பத்துக்கும் அனுமதி வேணும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு, 2021ல மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிருச்சு. காட்டுக்கு நல்லது, சந்தேகமே இல்ல. ஆனா காட்டுக்குள்ள இருக்கிற குடியிருப்புகளுக்கு சிம்னி விளக்கும் அரிக்கேனும்தான் ரொம்ப காலம் துணை.

இப்படிப்பட்ட ஊர்களுக்காக 2000களில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. பரவலா கொடுத்தது 37 வாட் தகடு, 40 ஆம்பியர்-மணி பேட்டரி, ரெண்டு சி.எஃப்.எல். விளக்கு. 2011ல தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டத்தை அறிவிச்சது. 300 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய், அஞ்சு சோலார் விளக்கு, வருஷத்துக்கு 60,000 வீடுங்கிறது இலக்கு.

இங்கதான் சிக்கல். தகடு இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும். ஆசிட் பேட்டரியை தினமும் ஒட்ட ஒட்டக் காலி பண்ணினா, டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தாம விட்டா, மூணு நாலு வருஷத்துல மண்டையைப் போட்டுரும். புதுசு வாங்க ஆயிரக்கணக்குல வேணும். கூலி வேலைக்குப் போற குடும்பம் எங்க போகும்? அப்புறம் கூரைமேல வெயில் காயுற தகடு, கீழே திரும்பவும் மண்ணெண்ணெய். திறப்பு விழாவுக்கு ஆள் வரும், மூணாவது வருஷ பேட்டரிக்கு யாரும் வரமாட்டாங்க. நம்ம சூரிய மின்சார வரலாறுல பெரிசா பேசப்படாத பக்கம் இதுதான்னு எனக்குத் தோணுது.

ஊரெல்லாம் வந்த இருட்டு

2008லிருந்து சில வருஷம் மின்வெட்டு கம்பி இருந்த ஊரையும் காட்டு ஊர் மாதிரி ஆக்கிருச்சு. 2012ல சென்னைக்கு வெளியே பல ஊர்ல நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்ல. அப்போதான் இன்வெர்ட்டர் நடுத்தரக் குடும்பத்து சாமானா மாறுச்சு. அதே வருஷம் மாநில அரசு சோலார் கொள்கை கொண்டு வந்தது. 2016ல கமுதியில 648 மெகாவாட் நிலையம் வந்து உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா அது பகல்ல கம்பியில ஊத்துற மின்சாரம். ராத்திரிக்குச் சேமிக்க நம்மகிட்ட இருந்த பெரிய 'பேட்டரி' காடம்பாறை. 400 மெகாவாட். மிச்ச கரண்டுல தண்ணியை மேலே ஏத்தி, தேவைப்படும்போது இறக்குறது.

லித்தியம் வந்த கதை

1991ல சோனி லித்தியம் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுக்கு அடித்தளம் போட்ட விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல நோபல். வண்டிக்கும் வீட்டுக்கும் ஏத்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 1997ல குட்இனஃப் குழுவின் கட்டுரையில வந்தது. அந்தக் கட்டுரையில முதல் பெயர் அக்ஷய பாதி. நம்மாளுங்க பேர் இருந்தா சொல்லாம விடுவமா :)

இப்போ கணக்கு

ஃபேன் 300, லைட் 100, ஃப்ரிட்ஜ் 500, போன் லேப்டாப் 150. ஆக ஒரு நாளைக்கு சுமார் 1,050 வாட்-மணி.

12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ஆசிட் பேட்டரின்னா மொத்தம் 1,800. பாதிக்கு மேல எடுத்தா ஆயுசு குறையும், அதனால கையில 900தான். எடை அம்பது கிலோவுக்கு மேல. 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியத்துல மொத்தம் 1,280, எண்பது சதவீதம் எடுத்தாலும் 1,024. எடை சுமார் பன்னெண்டு கிலோ. ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏத்தலாம். விலை கூடத்தான். ஆனா வருஷக் கணக்குல வகுத்துப் பாத்தா கதை மாறும்.

தகடு? நம்ம பக்கம் நாளைக்கு சுமார் அஞ்சு மணி நேர முழு வெயில். சூடு, தூசி, ஒயர்ல போற இழப்பு எல்லாம் கழிச்சா 300 வாட் தகடு 1,050 தரும். ஆனா பிளவக்கல்ல ஒரு விஷயம் இருக்கு. மலை மேற்கே நிக்குது. சாயங்கால வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னாடி போயிரும். அதனால 400 வாட் வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ரெண்டு எச்சரிக்கை. பழைய ஆசிட் சார்ஜரை அப்படியே லித்தியத்துல மாட்டாதீங்க, அதுக்குத் தகுந்த வோல்டேஜ் அமைப்பு வேணும். வண்டி டைனமோவிலிருந்து நேரா ஒயர் கொடுத்தா லித்தியம் அளவுக்கு மேல இழுத்து டைனமோவையே சூடாக்கிரும், நடுவுல டிசி-டிசி சார்ஜர் போடுங்க.

கழட்டுன ஆசிட் பேட்டரியை பழைய இரும்புக் கடையில தள்ளாதீங்க. அதுல ஈயம் இருக்கு. வீட்டுப் பின்புறம் போட்டு உருக்கினா குழந்தைகளோட ரத்தத்துலதான் போய்ச் சேரும். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிப்பாளர்தான் பொறுப்பு. புதுசு வாங்குற கடையிலேயே பழசைக் கொடுங்க.

நம்ம வண்டியில பேட்டரி செத்தா ஒரு வார இறுதி கெடும், அவ்ளோதான். காட்டு ஊர்ல செத்தா பிள்ளைங்க படிப்பு சாயங்காலம் ஆறு மணியோட முடிஞ்சிரும். அடுத்து எந்த சோலார் திட்டம் வந்தாலும் எத்தனை வாட்னு கேக்கறதோட நிறுத்தாம, "அஞ்சாவது வருஷ பேட்டரிக்குப் பணம் எங்க ஒதுக்கியிருக்கு?"ன்னும் கேட்டு வைப்போம்.

உங்க ஊர்ல தகடு மட்டும் மிஞ்சி நிக்கிற வீடு இருந்தா சொல்லுங்க மக்களே.