தெளிந்த நீரும் கரைந்த நஞ்சும்

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியையும் சந்தாபுரத்தையும் கடந்தவுடன் பொம்மசந்திரா வருகிறது. கேழ்வரகு விளைந்த சிற்றூர் இன்று பெரிய தொழிற்பேட்டையாகிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து பிழைப்பை நாடி வந்த நம்மவர் பலர் இங்கே குடியிருக்கின்றனர். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. ஊரில் குடத்தைச் சுமந்து நடந்த தாய்மார்களுக்கு இது பெரும் பேறே. ஆனால் அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதில் கரைந்திருப்பது யாது என்று கேட்கப் புகுந்தால், அது ஒரு நீண்ட சரித்திரமாக விரிகிறது.

பெங்களூருக்குப் பேராறு எதுவும் இல்லை. கெம்பெ கௌடர் காலந்தொட்டு ஏரிகளே அந்நகரைக் காத்து வந்தன. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில், 1896-ஆம் ஆண்டு, ஹேசரகட்டா ஏரியிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. 1974-இல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியே மேட்டுநிலத்திற்கு ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. இம்முயற்சிகள் தொடங்கிய காலத்தில் மக்கள் அஞ்சியது கிருமிகளுக்கு. வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் ஊர்களைச் சூறையாடிய நாட்கள் அவை. வடிகட்டுதலும் குளோரினும் கொதிக்க வைத்தலும் அந்தப் பகைவனை அடக்கின. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் நாம் 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்னும் தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். பாதுகாப்பு என்றால் கிருமியினின்று பாதுகாப்பு என்பதே அத்தொடருக்கு நெடுங்காலம் வழங்கிய பொருள்.

இரசாயனப் பொருள்களால் வரும் தீங்கு வேறு வகையானது. நிறமோ நாற்றமோ காட்டாது அது ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும். இந்தியாவில் இதனை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்களில் சென்னை கிண்டியின் கிங் ஆராய்ச்சி நிலையத்தாருக்குத் தனி இடம் உண்டு. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் மக்களின் பற்கள் பழுப்பேறி, முதுகும் மூட்டுகளும் இறுகிப் போயின. கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடே அதற்குக் காரணம் என்று ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் 1937-இல் எழுதினர். பாறையிலிருந்து கரைந்து வந்த உப்பு அது. மனிதன் செய்த குற்றம் அன்று.

மனிதனால் விளைவதும் உண்டு. கழிவுநீரும் உரமும் நிலத்தில் இறங்கினால் நீரில் நைட்ரேட் பெருகும். கிணற்று நீரில் கரைத்த பாலைப் பருகிய பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்ததைக் கண்டு, 1945-இல் அமெரிக்க மருத்துவர் காம்லி அதன் காரணத்தை வெளியிட்டார். இங்கே நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடும் நைட்ரேட்டும் போகா. நீர் ஆவியாகக் குறைய, அவை முன்னிலும் செறிவடையும்.

தொழிற்சாலைகளின் பங்கு பிறிதொரு அத்தியாயம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதை 1996-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. பொம்மசந்திராவுக்கு அடுத்த சந்தாபுரத்து ஏரியைக் காக்கத் தவறியதற்காக, 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. ஏரியில் விழுவது ஏரியோடு நிற்பதில்லை. அது நிலத்தடிக்கும் இறங்கும்.

இனி நம்மவர் நிலையை நோக்குவோம். புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறிய அத்திட்டம் 2013-இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஊரில் தங்கிய அண்ணன் காவிரி நீரைக் குடிக்க, பொம்மசந்திராவுக்கு வந்த தம்பியோ பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கிறான். அந்த நீரும் ஆழத்துப் பாறையின் நீரே. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டதை நாம் கண்டோம். கிணறு வற்ற வற்ற, இன்னும் ஆழத்திலிருந்தோ எங்கோ ஒரு தோட்டத்திலிருந்தோ நீர் வருகிறது; அதன் குணத்தைக் கேட்பார் இல்லை.

செய்யத் தக்கது யாது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வரம்புகள் வகுத்துள்ளது. ஒரு லிட்டரில் புளோரைடு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடையாதாயின் 1.5 வரை. நைட்ரேட் 45. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஈயமோ 0.01-க்கு மேற்படலாகாது. கையடக்கமான டி.டி.எஸ். கருவி கரைந்த உப்புகளின் மொத்த அளவையே காட்டும். அற்ப அளவிலுள்ள ஈயத்தை அது காட்டாது. ஆகவே குடியிருப்போர் பலர் சேர்ந்து, தங்கள் கிணற்று நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவை எழுத்தில் பெறுவதே முதற்கடமை. வாடகைக்கு இருப்போர் இதைக் கேட்கத் தயங்குவர் என்பதை நாம் அறிவோம். ஒருவராகக் கேட்கத் தயங்குவதைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்கலாம். புளோரைடு மிகுந்திருப்பின் சாதாரண வடிகட்டி பயன்படாது, ஆர்.ஓ. போன்ற முறை வேண்டும். பால்மாவு கரைப்பதற்கு நைட்ரேட் மிகுந்த நீரைத் தொடவே கூடாது.

நெல்லூர்க் குடியானவனின் முதுகு ஏன் வளையாது போயிற்று என்பதை 1937-இல் ஒரு பரிசோதனை சொல்லிற்று. அவனுக்கு அது காலங் கடந்து வந்த அறிவு. நம் குழந்தைகளுக்கு அது காலத்தில் கிடைக்கும்படி செய்வது நம் கையில் இருக்கிறது.