கீழ்க்கட்டத்துப் பூனை

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு பூனை இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. மூன்றாம் மாடி மக்சிக் மீன் தலை வைப்பார். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா மழை பெய்தால் அட்டைப்பெட்டி போட்டுக் கொடுப்பார். தூங்குவது மட்டும் எங்கள் வீட்டுச் செருப்பு அடுக்கில். ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள். அம்மா வைத்த பேர் 'ஏய்'.

போன வருஷம் தங்கச்சி அதை வைத்து ஒரு காமிக் ஸ்ட்ரிப் போட ஆரம்பித்தாள். நாலே நாலு கட்டம். முதல் கட்டத்தில் பூனை அப்பாவின் செருப்பு மேல் சுருண்டு கிடக்கிறது. இரண்டாவது கட்டத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, பூனை பேசணுமா, வேணாமா?"

"பேசட்டுமே."

"எந்தத் தமிழ்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. எழுத்துத் தமிழில் பேசினால் அது பாடப்புத்தகத்து நரி. சினிமாத் தமிழில் பேசினால் சென்னைப் பூனை. 'டாப்பாவ்', 'லா' எல்லாம் போட்டு நம்மைப் போலவே பேசினால், அதை எழுத்தில் பார்க்க நமக்கே கூச்சமாக இருக்கிறது. நான் இஞ்சினியர். ஒரு சிக்கல் வந்தால் இதற்கு முன்னால் யார், எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடுவது தொழில் பழக்கம். அப்படித் தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

பத்திரிகை உலகின் மிகப் புகழ்பெற்ற பூனைகளில் ஒன்று மிச்ச இடத்தில் பிறந்தது. 1910 ஜூன் மாதம், 'நியூயார்க் ஈவினிங் ஜர்னல்' நாளிதழில் ஜார்ஜ் ஹெர்ரிமன் என்பவர் 'தி டிங்பேட் ஃபேமிலி' என்ற ஸ்ட்ரிப்பைத் தொடங்கினார். அடுக்குமாடியில் ஒரு குடும்பம், அவர்கள் தலைக்கு மேலே, ஒருநாளும் நம் கண்ணில் படாத இன்னொரு குடும்பம். கீழ்வீட்டுக்காரருக்கு மேல்வீட்டுக்காரர்மேல் தீராத கடுப்பு. பிளாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மனிதர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது அவர்கள் காலடியில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. ஹெர்ரிமன் அங்கே ஒரு பூனையையும் எலியையும் வரைந்தார். ஜூலை 26 அன்று அந்த எலி பூனையின் தலையைக் குறிபார்த்து எதையோ விட்டெறிந்தது. மேலே நடக்கும் கதைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் காலடிக் கூத்து நிற்கவில்லை. கொஞ்ச நாளில் ஸ்ட்ரிப்பின் அடியிலேயே அவற்றுக்கென்று தனியாக ஒரு குட்டி வரிசை பிரிந்தது. 1913 அக்டோபர் 28 முதல் 'கிரேஸி கேட்' தனி ஸ்ட்ரிப்பாகவே வந்தது. 1944-இல் ஹெர்ரிமன் இறக்கும்வரை ஓடியது.

கதை எல்லா நாளும் ஒன்றுதான். எலி செங்கல்லை எறியும். பூனை அதைக் காதல் என்று எடுத்துக்கொள்ளும். நாய்ப் போலீஸ் எலியைப் பிடித்து உள்ளே போடும். அவ்வளவுதான், முப்பது வருஷம்! இதற்குப் பெரிய வாசகர் கூட்டமும் இல்லை. பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டுக்குப் பிடித்திருந்ததால் பிழைத்தது.

நம் கேள்விக்கு வருவோம். கிரேஸி பேசும். எந்த இங்கிலீஷில்? எதிலும் இல்லாத, எல்லாமும் கலந்த இங்கிலீஷில். நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கியவர்களின் உச்சரிப்பு, தெற்கத்தி இழுவை, நடுவில் ஸ்பானிஷ், யித்திஷ். எழுத்துக்கூட்டல் வாய்க்கு வந்தபடி. இலக்கணம் தெரிந்த யாரும் அதைத் திருத்தத்தான் ஆசைப்படுவார்கள். ஹெர்ரிமன் திருத்தவில்லை.

ஏன் என்பதற்கான ஒரு தடயம் 1971-இல் கிடைத்தது. அவரைப் பற்றி எழுதப் போன ஒரு சமூகவியலாளர், 1880-இல் நியூ ஆர்லியன்ஸில் பதிவான பிறப்புப் பத்திரத்தைக் கண்டெடுத்தார். இனம் என்ற இடத்தில் 'கறுப்பினத்தவர்' என்று பொருள்படும் சொல் இருந்தது. ஹெர்ரிமனுக்குப் பத்து வயதாகும்போது கலப்பின வம்சாவளிக் குடும்பமான அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து, வெள்ளையர்களாக வாழ ஆரம்பித்தார்கள். கூட வேலை செய்தவர்கள் அவரைக் கிரேக்கர் என்று நினைத்துக்கொண்டார்கள். இறப்புப் பத்திரத்தில் வெள்ளையர் என்றே இருக்கிறது.

எந்தப் பாரத்தை நிரப்பினாலும் மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் என்ற கட்டங்களில் ஒன்றில் டிக் அடித்தே வளர்ந்தவன் நான். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தன் கட்டம் எது என்று ஊருக்குச் சொல்ல முடியாத ஒரு மனிதர், ஆணா பெண்ணா என்று கடைசிவரை தீர்மானிக்காத ஒரு கறுப்புப் பூனையை வரைந்துகொண்டே இருந்திருக்கிறார். ஒரு ஸ்ட்ரிப்பில் கிரேஸி அழகு நிலையத்துக்குப் போய் வெள்ளையாகி வெளியே வரும். தினமும் செங்கல் எறிந்த அதே எலி அதைப் பார்த்து மயங்கி நிற்கும். இந்த நகைச்சுவையை 1971-க்கு முன்னால் படித்தவர்களும் பின்னால் படிப்பவர்களும் ஒரே மாதிரி படிக்க முடியாது.

அடுத்த பூனை இதற்கு நேரெதிர். ஜிம் டேவிஸ் இந்தியானா மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். பண்ணையில் இருபத்தைந்து பூனைகள். ஆஸ்துமாவால் பையன் வெளியே போய் விளையாட முடியாது. அம்மா பேப்பரும் பென்சிலும் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு 1970-களில் அவர் ஒரு கொசுவை நாயகனாக வைத்து உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் ஸ்ட்ரிப் போட்டார். பெரிய இடத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது, வரைவது நன்றாக இருக்கிறது, ஆனால் பூச்சியோடு யார் ஒட்டுவார்கள் என்று கேட்டுவிட்டார்கள்.

டேவிஸ் அதை ஒரு தோல்வி அறிக்கை மாதிரி எடுத்துப் படித்தார். செய்தித்தாள்களைப் பிரித்து வைத்து எண்ணினார். நாய்கள் ஏகப்பட்டது. பூனை வளர்ப்பவர்கள் இவ்வளவு பேர் இருந்தும் பூனை ஸ்ட்ரிப் குறைவு. 1978 ஜூன் 19 அன்று 'கார்ஃபீல்ட்' 41 பத்திரிகைகளில் வெளிவந்தது. பேர் அவருடைய தாத்தாவின் பேர். தின்பது, தூங்குவது, திங்கட்கிழமையை வெறுப்பது என உலகத்தில் எவனுக்கும் புரிகிற விஷயங்கள் மட்டும். அரசியல் கிடையாது, ஊர் கிடையாது. 2002-இல் உலகிலேயே மிக அதிகப் பத்திரிகைகளில் வரும் ஸ்ட்ரிப் என்று கின்னஸ் பதிவு செய்தது. 2,500-க்கும் மேல்.

கார்ஃபீல்ட் பேசாது, நினைக்கும். பேச்சுக்கு வால் வைத்த பலூன், நினைப்புக்குச் சின்னச் சின்ன வட்டங்கள் தொங்கும் மேகம். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பூனைக்கு உச்சரிப்பு இல்லை, அதனால் ஊரும் இல்லை. கிரேஸியை மொழிபெயர்க்கப் போனால் உயிரே போய்விடும். கார்ஃபீல்டை எந்த மொழியிலும் ஊற்றலாம், கிண்ணத்தின் வடிவத்துக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த ஊரில்லாத தன்மைக்கு ஒரு விலை இருந்தது. அது தெரிந்தது 2008-இல். டான் வால்ஷ் என்பவர் ஸ்ட்ரிப்பிலிருந்து பூனையை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை வெளியிட்டார். வெறும் வீட்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் ஜான் என்ற இளைஞன் மட்டும் மிஞ்சினான். சிரிப்புக் கதை திடீரென்று தனிமைக் கதையாகிவிட்டது. டேவிஸ் கோபப்படவில்லை, அது புத்தகமாக வரவும் சம்மதித்தார். பூனை ஸ்ட்ரிப் என்பது பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றியது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

மூன்றாவது வழி ஜப்பானுடையது. 1984-இல் கொடான்ஷா நிறுவனத்தின் 'மார்னிங்' இதழில் மகோடோ கோபயாஷி 'வாட்ஸ் மைக்கேல்' ஆரம்பித்தார். மைக்கேல் செம்பட்டைக் கோடு போட்ட சாதாரணப் பூனை. பெரும்பாலான கதைகளில் அது பேசாது. குதிக்கும், தவறி விழும், விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்பது போல நக்கிக்கொள்ளும், சில சமயம் மானத்தை மறைக்க எழுந்து நின்று ஆடும். கதைக்குக் கதை வீடும் ஆட்களும் மாறுவார்கள். பூனையோடு வாழ்ந்தவர் மட்டுமே வரையக்கூடிய கோடுகள் அவை. மொழிக் கேள்வியையே தாண்டிப் போகிற வழி இது.

சரி, நம் பக்கம்? படக்கதை நமக்குப் புதிதல்ல. 'தினத்தந்தி'யில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' 20,000 பகுதிகளைத் தாண்டியது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. எங்கள் மாமா வீட்டு மேசைக்கடியில் இவை ஒரு பெட்டி நிறைய இருந்தன. எல்லாம் தீவு, உளவாளி, குதிரை, துப்பாக்கி. வீட்டு வாசலைத் தாண்டிப் போனால்தான் கதை. மலாயில் நிலைமை வேறு. 1968-இல் 17 வயது லாட், 'பெரித்தா மிங்கு'வில் 'கெலுவார்கா சி மாமாட்' என்று ஒரு கம்பத்துக் குடும்பத்தை வரையத் தொடங்கி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வரைந்தார். 1979-இல் 'தி கம்போங் பாய்'. அவருக்குக் கதை வீட்டுப் படிக்கட்டிலேயே இருந்தது. அந்த நம்பிக்கை நம் படக்கதைக்கு ஏனோ வரவில்லை.

பூனைக்கும் தமிழில் பஞ்சமில்லை. குறுந்தொகையில் ஒருத்தி, கணவனோடு உறங்குகையில் கூவி எழுப்பிவிட்ட சேவலை, நள்ளிரவில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் வெருகுக் குட்டிக்கு இரையாகிப் போ என்று சபிக்கிறாள். கம்பன் தன் காவியத்தின் தொடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனை தான்தான் என்கிறான். ஆனால் நம் பேச்சில் புழங்கும் பூனைகளை எண்ணிப் பாருங்கள். மதில்மேல் பூனை, கண்ணை மூடிய பூனை, மணி கட்டவேண்டிய பூனை, உருத்திராட்சப் பூனை. அத்தனையும் மனிதனுக்குப் புத்தி சொல்ல வந்தவை. சும்மா செருப்பு மேல் தூங்குகிற பூனை ஒன்றுகூட இல்லை.

அந்த உருத்திராட்சப் பூனையைத் தேடிப் போனபோதுதான் மாமல்லபுரத்தில் வந்து நின்றேன், படங்கள் வழியாக. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தபசு என்பார்கள், கங்கை இறங்கும் காட்சி என்பவர்களும் உண்டு. பிளவுக்கு ஒரு பக்கம் மேலே, எலும்பு தெரியும் முனிவர் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார். தேவர்கள் பறக்கிறார்கள். மறுபக்கம் கீழே உண்மையான யானை அளவுக்கு யானை. அந்த யானைக்கு முன்னால், தரையை ஒட்டி, மிச்சம் கிடந்த இடத்தில் ஒரு பூனை. அதே போல இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள். மகாபாரத உத்தியோக பர்வத்தில் துரியோதனன் பாண்டவர்களைக் குத்திக்காட்டச் சொல்லி அனுப்பும் கதை: கங்கைக் கரையில் தவசி வேடம் போட்டு எலிகளைத் தின்ற பூனை. சிற்பத்துப் பூனை அதுதான் என்பது பலர் கருத்து. புனிதக் கணத்தில் பகை மறந்த பிராணிகள் என்றும் சிலர் படிக்கிறார்கள்.

எனக்கு அது எந்தப் பூனை என்பதைவிட எங்கே நிற்கிறது என்பது முக்கியமாகப் பட்டது. மேலே பெரிய விஷயம், கீழே அதையே செய்து காட்டும் சின்ன உருவம். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவருக்குத் தானாகச் சிரிப்பு வரும். ஒரு பலூனும் தேவையில்லை. ஹெர்ரிமன் 1910-இல் கண்டுபிடித்த அதே காலடி இடத்தை, பேர் தெரியாத ஒரு சிற்பி சுமார் 1,300 வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்திருக்கிறான். மன்னன் பார்க்கப்போகும் பாறையில், முனிவரைப் போலச் செய்யும் பூனையைச் செதுக்கக் கொஞ்சம் தைரியமும் வேண்டும். அவன் அந்தப் பூனையைக் கிண்டலுக்கு மட்டும் செதுக்கியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நீட்டி நிமிர்ந்த அந்த உடம்பு, பூனையை உட்கார்ந்து பார்த்த ஒருவனுடைய வேலை.

நம் ஆட்களுக்குப் படம் வரையத் தெரியாது, நகைச்சுவை வராது என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்தப் படத்தை அனுப்பலாம். நமக்கு இல்லாமல் போனது திறமை இல்லை. செருப்பு அடுக்கு உயரத்தில் நடப்பதும் வரையத் தகுந்ததுதான் என்ற எண்ணம். ஒரு காலத்தில் ரயில்வே பட்டறையை நம்பி இருந்த இந்தச் செந்தூல் பற்றி எழுதுகிறவர்களும் பட்டறை, கோயில், சண்டை என்று பெரியதாகவே எழுதுகிறோம். ஐந்து வீடுகளில் ஐந்து பேரோடு சாப்பிடும் பூனையை யாரும் எழுதுவதில்லை. இந்தத் தலைமுறை வீடு மாறிப் போய்விட்டால், மக்சிக்கும் சீனத் தாத்தாவும் அம்மாவும் ஒரே படிக்கட்டில் பேசிக்கொண்ட மொழியும் போய்விடும்.

இதையெல்லாம் தங்கச்சியிடம் ஒரு ராத்திரி முழுக்கச் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து டேப்லெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நாலு கட்டத்திலும் பூனை வாயே திறக்கவில்லை. மனிதர்கள் முழங்கால்வரைதான் தெரிகிறார்கள். பேச்சு மட்டும் மேலிருந்து வந்து விழுகிறது. ஒன்று மலாயில், ஒன்று கன்டோனிஸில், ஒன்று எங்கள் தமிழில், 'லா'வோடு.

"டாம் அண்ட் ஜெர்ரியில அப்பவே காலை மட்டும் காட்டிட்டாங்க," என்றேன்.

"அவங்க வீட்டுக்குள்ள சப்பாத்து போட்டுட்டு நடப்பாங்கண்ணே. நம்ம வாசல்ல கழட்டுவோம். அதனாலதான் இதுக்குப் படுக்க இடம் கிடைக்குது."

கடைசிக் கட்டத்தில் வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்புகள். ஒரு ஜோடியில் ஒன்றைக் காணோம். அதன் மேல்தான் பூனை படுத்திருக்கிறது. மேலே அம்மாவின் பலூனில் ஒரே சொல்: "ஏய்."