ஒக்கலிகர்

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் கவுண்டர் என்றால் தமிழ் பேசுபவர் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் கவுண்டர் என்றே அழைக்கப்படும் ஒக்கலிகக் கவுடர் பலருக்கு வீட்டில் கன்னடம். அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இப்பெயர் ‘வக்கலிகர்’ என்றும் உண்டு.

கன்னடத்தில் ‘ஒக்கலு’ என்பது குடியிருப்பு, குடித்தனம், குடியானவன், ‘ஒக்கலுதன’ வேளாண்மை. ஒக்கலிகர் என்ற பெயர், கதிரடிப்பதைக் குறிக்கும் ‘ஒக்கு’ என்ற வினையிலிருந்து பிறந்தது என்பாரும் உண்டு. எனக்குக் குடி என்ற பொருளே பொருந்துகிறது: குத்தகைக்காரரை வெளியேற்றுவதைக் கன்னடர் ‘ஒக்கலெப்பிசு’ என்கிறார்கள், அதில் கதிரடிப்புக்கு இடமில்லை.

தமிழுக்கும் இது அந்நியமல்ல. 43ஆம் குறளில் வரும் ‘ஒக்கல்’ சுற்றத்தாரைக் குறிக்கும். திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் ஓரினமாக வைக்கிறது. நம் பேச்சில் அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. கன்னடத்தில் இன்னும் உழுகிறது.