கரகரப்பின் கதை

தச்சநல்லூர்க் கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கி கரகரத்தால் முகம் சுளிக்கிறோம். அதே நாம்தான் தம்பூராவின் தந்திக்கடியில் நூலைச் செருகி ரீங்காரத்தை வரவழைக்கிறோம்! மேல்நாட்டு கிதார்க்காரர்களுக்கும் இப்படியோர் ஆசை வந்தது. 1962-ல் கிப்ஸன் கம்பெனி, காலால் அழுத்தினால் நாதத்தைக் கரகரக்கச் செய்யும் சிறு பெட்டியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ், ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பையே பிளேடால் கிழித்து அந்தக் கரகரப்பைப் பெற்றார். கிழித்த கூம்பில் தெளிந்த நாதம் திரும்புமா? பெட்டி வைத்தவருக்கோ இரண்டும் கிடைத்தன.

உங்கள் வீட்டுப் பையன் கிதாருக்கு ஆம்ப்ளிஃபயர் கேட்கிறானா? சேமிப்பைத் தொடுமுன், சத்தத்தை ஏற்றி வைத்துத் தெளிந்த நாதத்தைக் கேளுங்கள். அது உடையாமல் நின்றால் வாங்குங்கள். கரகரப்பைப் பிறகு சேர்க்கலாம். தெளிவைச் சேர்க்க எந்தப் பெட்டியும் இல்லை.