ராஜராஜன் எண்ணெய் டின் வாங்கவில்லை

போன சித்திரையில் 15 கிலோ கடலெண்ணெய் டின் ஒன்று வாங்கிப் போட்டேன். செக்குல ஆட்டினது, சுத்தமானது. "பாட்டி வீட்டுல வருஷம் பூரா எண்ணெய் இருந்துச்சே, கெட்டா போச்சு?"ன்னு அம்மாகிட்ட வீறாப்பு வேற. ஆவணி முடியறதுக்குள்ள மூடியைத் திறந்தா குப்புனு சிக்கு வாடை. அம்மா ஒண்ணுமே சொல்லலை. அந்தப் பார்வை போதாதா? :-)

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சா, நான் சொன்ன சரித்திரமே தப்பு. பாட்டி வீட்டுல வருஷம் பூரா இருந்தது எண்ணெய் இல்லை. எள்ளு!

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுப்பு முடிஞ்சதும் வயல்ல மிச்சமிருக்கிற ஈரத்தை வச்சு உளுந்து, பயறு, எள்ளுன்னு தெளிப்பாங்க. காய்ஞ்ச எள் மூட்டையில கிடக்கும். வேணுங்கறப்போ ரெண்டு மரக்கா எடுத்துக்கிட்டு செக்குக்குப் போவாங்க. கருப்பட்டி போட்டு ஆட்டி வாங்கி வந்தது பீங்கான் ஜாடிக்குள்ள போகும். தீர்ந்தா மறுபடி செக்கு. விதைக்குள்ள இருக்கிறவரை எண்ணெய்க்குப் பாதுகாப்பு. பிழிஞ்சுட்டா காத்தும் வெளிச்சமும் சூடும் வேலையைக் காட்ட ஆரம்பிச்சுடும்.

இதே கணக்கை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, 1010 வாக்கில், பெரிய கோவில் கல்வெட்டுல பார்க்கலாம். (ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கு. தூக்கம் வராத ராத்திரிக்கு நல்ல துணை.) ஒரு திருவிளக்கு அணையாம எரியணும்னா தினம் ஒரு உழக்கு நெய் வேணும். நாழியில் நாலில் ஒரு பங்கு. ராஜராஜன் என்ன, கோவில்ல பானை பானையா நெய்யை அடுக்கி வச்சானா? இல்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லேன்னா 48 பசு, இல்லேன்னா 16 எருமைன்னு இடையர்கள்கிட்ட ஒப்படைச்சாங்க. அவரும் அவர் உறவுமுறைக்காரங்களும் சந்திரன் சூரியன் உள்ளவரை தினமும் 'ஆடவல்லான்' என்ற அளவையால் உழக்கு நெய் அளக்கணும். சோழர் கல்வெட்டுகள்ல இந்த மாதிரி ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேர். கிழடாகிறதும் சாகிறதும் போக, குட்டிகள் வந்து கணக்கை நிரப்பிடும். சேமிப்பு மந்தையில, நெய் அன்னன்னிக்கு.

'அது விளக்கு நெய், நீ பேசறது சமையல் எண்ணெய்'னு யாராவது வருவீங்க, தெரியும். கெட்டுப்போற பண்டம் ரெண்டும்தானே சாமி?

நான் பண்ணின ரெண்டாவது தப்பு இன்னும் மோசம். எள் + நெய் = எண்ணெய். பேரே எள்ளுக்குச் சொந்தம். நல்லெண்ணெயில் செசமால் மாதிரி சில பொருள்கள் இயற்கையாவே இருக்கறதால அது சீக்கிரம் சிக்கு அடிக்காது. பாட்டியோட ஜாடி தாக்குப் பிடிச்சதுல பாதிப் பெருமை இதுக்குத்தான். கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். தென்னார்க்காடு பக்கம் அது பெருசாப் பரவினதே 19ஆம் நூற்றாண்டுலதான். எள்ளுக்கு உண்டான பழக்கத்தைக் கடலெண்ணெய் மேல ஏத்தி, அதையும் அடுப்புக்குப் பக்கத்துலேயே வச்சு, தினம் திறந்து மூடி... வேறென்ன ஆகும்?

(பித்தளைத் தூக்குல ஊத்தி வைக்கலாம்னு இருந்தேன், நல்லவேளை. செம்பும் பித்தளையும் எண்ணெயை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். ஈயம் பூசாம அதுல வைக்கக் கூடாது.)

இப்போ மாசத்துக்கு ஒரு லிட்டர்தான். கறுப்பு ஜாடி, இருட்டு அலமாரி.

டின்ல இன்னும் ஆறு கிலோ இருக்கு. வீணாகுதேன்னு, "சாமி விளக்குக்கு ஊத்திடலாமா?"ன்னு கேட்டேன்.

"உனக்கே வேண்டாம்னு ஒதுக்கினதைச் சாமிக்கா ஊத்தப்போறே?"ன்னுட்டு உள்ளே போயிட்டாங்க அம்மா.