சூரியகாந்தியின் தாகத்தை அளந்த கதை



கோடை வந்தால் மாடித்தோட்டம் வைத்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "டீச்சர், மத்தியானம் செடி தொங்கிப் போகுது, இன்னும் தண்ணி ஊத்தணுமா?" இதற்குப் பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய 250 ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கதை 1724இல், இங்கிலாந்தின் டெடிங்டன் ஊரில் தொடங்குகிறது. அங்கே ஸ்டீபன் ஹேல்ஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். குதிரையின் இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவரும் இவர்தான். மூன்றரை அடி உயர சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து ஈரம் போகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். காலையும் மாலையும் எடை போட்டார். பகல் ஒன்றுக்கு சராசரியாக ஒன்றே கால் ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கு மேல், தண்ணீர் இலை வழியாகப் போயிருந்தது. உடல் அளவுக்கு அளவு ஒப்பிட்டால் மனிதனுக்கு வியர்ப்பதைப் போல 17 மடங்கு என்று கணக்குப் போட்டார். 1727இல் புத்தகமாகவும் வெளியிட்டார். நீங்கள் படித்த நீராவிப்போக்குப் பாடத்தின் பிறப்பிடம் அந்தத் தொட்டிதான்.

அடுத்த கேள்வி: இவ்வளவு தண்ணீரும் மேலே எப்படி ஏறுகிறது? உறிஞ்சும் பம்பு எவ்வளவு நல்லதானாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்காது. மரங்களோ 100 மீட்டர்கூட வளர்கின்றன. ஜெர்மனியின் பான் நகரில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் மரத்தண்டுகளுக்கு விஷம் ஏற்றி, உயிருள்ள செல்களைக் கொன்று பார்த்தார். அப்போதும் தண்ணீர் ஏறியது!

1894இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து விடை வந்தது. ஹென்றி டிக்சன் என்ற தாவரவியலாளரும் ஜான் ஜாலி என்ற இயற்பியலாளரும் சொன்னது இது: தண்ணீரைக் கீழிருந்து யாரும் தள்ளவில்லை, இலைதான் மேலிருந்து இழுக்கிறது. சைலம் குழாய்க்குள் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு கிணற்றுக் கயிறு போல நிற்கின்றன. இலையில் ஒரு துளி ஆவியானால் கயிறு அந்த அளவுக்கு மேலே நகரும்.

தண்ணீரைக் கயிறு மாதிரி இழுக்க முடியுமா என்று பலர் நம்பவில்லை. அந்த இழுவிசையை அளந்து காட்டவும் அன்று வழியில்லை. டிக்சன் கண்ணாடிக் கலம் ஒன்றை வைத்து முயன்றார். அழுத்தம் தாங்காமல் அது வெடித்தது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1965இல், கலிபோர்னியாவில் பெர் ஷோலாண்டரும் அவர் குழுவினரும் உலோகக் கலத்தில் அதைச் செய்து காட்டினார்கள். கிளையை வெட்டியதும், இழுபட்டிருந்த நீர், ரப்பர் பேண்டு அறுந்தாற்போல் உள்ளே சுருங்கிவிடும். வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி கிளையைக் கலத்துக்குள் வைத்து மூடி, வாயு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வெட்டுமுனையில் மறுபடி ஈரம் எட்டிப் பார்க்கும்போது காட்டும் அழுத்தம்தான் செடி இழுத்துக்கொண்டிருந்த விசை. உயரமான மரங்களின் கிளையை எப்படி எடுத்தார்கள் என்கிறீர்களா? துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள்!

அந்த அளவுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் இலையின் நீரியல் திறன். தூய நீருக்கு அது பூஜ்யம். தாகம் கூடக் கூட கழித்தலில் இறங்கும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். மண் −15 பார் அளவுக்குக் காய்ந்தால் பெரும்பாலான பயிர்கள் நிரந்தரமாக வாடிவிடும். பிச்சாவரத்தில் பார்த்தோமே, அந்த அலையாத்தி வகை மரங்களோ உப்புநீரிலிருந்து நல்ல நீரை எடுக்க 30 பாருக்கு மேல் இழுக்கின்றன.

கருவி கைக்கு வந்த பிறகு உண்மைகள் வரிசையாக வெளிவந்தன. கயிறு அறுவதும் உண்டு. 1966இல் மில்பர்ன், ஜான்சன் இருவரும் வாடும் ஆமணக்கு இலையில் ஒலியுணர் கருவியைப் பொருத்தி, நீர்த்தம்பம் அறும் 'டிக்' சத்தத்தைக் கேட்டார்கள். அறுந்த இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். அந்தக் குழாய் வழியே தண்ணீர் போகாது. இது நேராமல் இருக்கத்தான் செடி இலைத்துளையை மூடுகிறது. வாடும் கோதுமை இலையில் அப்சிசிக் அமிலம் பல மடங்கு கூடுவதை 1969இல் கண்டார்கள்; துளையை மூடச் சொல்லும் கட்டளை அதுவே. ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. தாகத்துக்குப் பயந்து பட்டினி கிடப்பது போலத்தான்.

1970இல் ஜான் பாயர் மக்காச்சோளம், சோயா, சூரியகாந்தி மூன்றையும் அளந்தார். ஆம், மறுபடியும் நம் சூரியகாந்தி! நீரியல் திறன் −4 பார் அருகே வரும்போதே இலையின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒளிச்சேர்க்கை அதற்குப் பிறகும் நடந்தது. அதாவது, வாட்டம் நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே செடி வளர்வதை நிறுத்திவிடுகிறது. பூக்கும் நேரத்தில், காய்க்கும் நேரத்தில் பாசனம் தள்ளிப்போனால் பயிர் பச்சையாகவே நிற்கும், மகசூல் மட்டும் குறையும் என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். காரணம் இதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். இரவில் துளைகள் மூடியிருக்க, வேர் மெல்ல மெல்ல அந்தக் கடனை அடைக்கும். விடியும் முன் இலையும் மண்ணும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் விடியலுக்கு முன்பே போய் இலையை அளப்பது அதனால்தான்.

ஆகவே, அந்த ஒரு வரி: செடியை மதியம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விடியற்காலையில் பாருங்கள். அப்போது நிமிர்ந்திருந்தால், மதியம் தொங்கியதற்காகக் கூடுதல் தண்ணீர் வேண்டாம்; ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும். அப்போதும் தொங்கினால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் உடனே நீர் விடுங்கள். ஈரமாக இருந்தால் கோளாறு வேரில் இருக்கிறது.

இந்த வாரம் இதுதான் வீட்டுப்பாடம். காலை ஆறு மணிக்கு முன் எழ வேண்டும் என்பதுதான் உங்களில் சிலருக்குக் கஷ்டம்! பார்த்ததைக் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.